பழைய உலகத்து ஒயின் பழையதா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஈப்போ, புந்தோங்கில் இருக்கிறேன். அப்பா காலத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்துக் கள்ளு ஒன்றுதான். மெல்பர்னில் வேலை செய்யும் மகள் தீபாவளிக்கு வந்தபோது இரண்டு போத்தல் சிவப்பு ஒயின் வாங்கி வந்தாள். ஒன்றில் 'குரோஸ் எர்மிட்டாஜ்' என்று போட்டிருக்கிறது, பிரான்ஸ். மற்றதில் 'பரோசா ஷிராஸ்' என்று இருக்கிறது, ஆஸ்திரேலியா. "இது பழைய உலகம்பா, அது புதிய உலகம். ரெண்டும் ஒரே பழம்தான்" என்றாள். குடித்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பழைய உலகம் என்றால் அதிக நாள் ஊற வைத்ததா? அப்படியானால் பழையதுதானே உசத்தி? ஒரே பழம் எப்படி இரண்டு ருசி தருகிறது?

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு ஒரு பாராட்டு. பாடம் நடத்துகிறவர்கள் தேடிப் பிடிக்கும் ஜோடியைத்தான் அவர் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நீங்களும் விடவில்லை, மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பிவிட்டீர்கள். முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

"பழையது" என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஒருமுறை ஓர் உணவகத்தில் பரிமாற வந்த இளைஞர் என்னிடமே, "சார், ஓல்ட் வேர்ல்ட் என்றால் பீப்பாயில் ரொம்ப வருஷம் கிடந்தது" என்று விளக்கினார். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னதால் மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அது தவறு. பழைய உலகம், புதிய உலகம் என்பவை கொலம்பஸ் காலத்து வரைபடச் சொற்கள். 1492இல் அவர் கப்பல் கரை தட்டிய பிறகு, ஐரோப்பியர் தங்களுக்கு முன்பே தெரிந்த நிலத்தைப் பழைய உலகம் என்றார்கள். புதிதாகக் கண்டதைப் புதிய உலகம் என்றார்கள். ஒயின் வியாபாரம் அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு தன் வசதிக்கு வளைத்தது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனி போன்றவை பழைய உலகம். அமெரிக்கா, சிலி, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா புதிய உலகம். கொலம்பஸுக்கு ஆப்பிரிக்காவைத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் ஒயின்காரர்களின் கணக்கு, ஐரோப்பியர் திராட்சைக் கொடியைக் கப்பலில் கொண்டுபோய் நட்ட இடமெல்லாம் புதியது என்பது. கேப் டவுனில் டச்சுக்காரர்கள் முதல் ஒயினைப் பிழிந்தது 1659இல். முந்நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் 'புதிய' உலகம்தான்!

போத்தலுக்குள் இருக்கும் சரக்கின் வயதைச் சொல்வது லேபிளில் உள்ள ஆண்டு. அது பழம் பறித்த ஆண்டு. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தென்கோளத்தில் பருவம் தலைகீழ். பரோசாவில் பெப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் பறித்துவிடுவார்கள்; பிரான்சில் செப்டம்பர் ஆகிவிடும். ஆகவே உங்கள் இரண்டு போத்தலிலும் ஒரே ஆண்டு அச்சாகியிருந்தால், புதிய உலகத்து ஒயின்தான் அரை வருஷம் மூத்தது.

வயது கூடினால் உசத்தி என்பதும் பாதிக்கும் குறைந்த உண்மை. உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி, வாங்கிய ஓரிரு வருஷத்தில் குடித்து முடிக்கச் செய்தது. புளிப்பும் துவர்ப்பும் நிறைய உள்ள சில வகைகள்தாம் வைக்க வைக்க மெருகேறும். மற்றவை பரணில் கிடந்தால் கிடந்து கெடும், அவ்வளவுதான்.

இனி ருசிக்கு வருவோம். இதற்கு உங்கள் தோட்டத்துக் கள்ளைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. காலையில் மரத்திலிருந்து இறக்கியதும் இனிப்பு. பொழுது ஏற ஏற இனிப்பு குறைந்து 'ஏறும்'. மறுநாள் புளித்துக் காடி. நடப்பது இதுதான்: ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒயினிலும் அதே ஈஸ்ட், அதே வேலை. ஒரு லிட்டர் திராட்சைச் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். ஆக, பழத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறியது என்பதே ஒயின் எவ்வளவு 'பிடிக்கும்' என்பதைத் தீர்மானிக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், கள்ளு திறந்த பானையில் காற்றோடு கிடப்பதால் காடிப் பாக்டீரியா உடனே குடிபுகுந்துவிடும். ஒயின்காரர்கள் காற்றை வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

சர்க்கரை எப்படி ஏறுகிறது? மாங்காய் மாம்பழமாவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கும், இனிப்பு ஏறும். உங்கள் குரோஸ் எர்மிட்டாஜ் பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 45 டிகிரி பக்கம் விளைந்தது. அங்கே அந்தப் பழம் குளிர் வருவதற்குள் பழுத்து முடிக்க வேண்டும்; கத்திமேல் நடப்பது போன்ற காரியம். புளிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். ஆல்கஹால் 13 விழுக்காடு வாக்கில் நிற்கும். பரோசா பள்ளத்தாக்கு தெற்கே 34 டிகிரி சொச்சத்தில், காய்ந்த, சுட்டெரிக்கும் கோடையில் கிடக்கிறது. பழம் குளிருக்கு அஞ்சாமல், முற்ற முற்றப் பழுக்கும். கரும்பழச் சாற்றைக் காய்ச்சியது போன்ற கனம், புளிப்புக் குறைவு, ஆல்கஹால் 14.5, சமயத்தில் 15. போத்தலின் ஓரத்தில் பொடி எழுத்தில் இந்த எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள். லேபிளில் உள்ள மற்ற அலங்காரத்தைவிட அந்த எண் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஆகவே ஒரே பழம் இரண்டு ருசி தருவதற்கு முதல் காரணம் வெயில்தானே தவிர 'உலகம்' அல்ல. பழைய உலகம் மெலிந்தது, புதிய உலகம் கொழுத்தது என்று வாய்ப்பாடு ஒப்பிப்பவர்களை ஸ்பெயினின் தெற்குக்கும் டாஸ்மேனியாவுக்கும் அனுப்பி வைக்கலாம். முன்னது பழைய உலகத்து அடுப்பு. பின்னது புதிய உலகத்து ஐஸ் பெட்டி. வாய்ப்பாடு அங்கே கவிழ்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் மனிதர்களின் பழக்கம். அது லேபிளிலேயே தெரிகிறது. உங்கள் பிரெஞ்சுப் போத்தலில் பழத்தின் பெயரே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குரோஸ் எர்மிட்டாஜ் என்பது ஊர்ப் பெயர். ஆஸ்திரேலியப் போத்தலில் 'ஷிராஸ்' என்று பழத்தின் பெயர் பெரிதாக இருக்கும். இதை விளக்க நான் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை, ஈப்போ சந்தைக்குப் போனால் போதும். "தம்புன்" என்று ஒரு சொல் சொன்னாலே பொமேலோ என்று புரிந்துகொள்கிறீர்கள்; அது என்ன ரகம் என்று யாரும் கேட்பதில்லை. ஊர்தான் உத்தரவாதம். இது பழைய உலகத்து லேபிள். டுரியான் கடைக்குப் போனால் கதையே வேறு: மூசாங் கிங்கா, டி24ஆ என்றுதான் பேச்சு. எந்த ஊரில் விளைந்தது என்பது இரண்டாம் பட்சம், ரகத்துக்குத்தான் விலை. இது புதிய உலகத்து லேபிள்.

பிரான்சில் இந்த ஊர்ப் பெயர் வெறும் பழக்கமாக நிற்கவில்லை, 1935இல் சட்டமாகிவிட்டது. 'அப்பெல்லாசியோன்' என்பார்கள், இன்ன ஊர்ப் பெயர் போட வேண்டுமானால் இன்ன எல்லைக்குள், இன்ன பழத்தை மட்டும், இன்ன விதமாகப் பயிரிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. குரோஸ் எர்மிட்டாஜ் சிவப்பு என்றால் பழம் சிரா என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது, எழுத வேண்டியதில்லை. சிராவும் ஷிராஸும் ஒன்றே. ஷிராஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஈரானிலிருந்து வந்த பழம் என்று கதை கட்டுவார்கள். 1990களின் இறுதியில் மரபணுவைச் சோதித்தபோது தாய், தந்தை இரண்டுமே பிரெஞ்சுக் கொடிகள் என்று வெளிப்பட்டது. பாரசீகக் கதை அதோடு முடிந்தது. சொல்பவர்கள் மட்டும் இன்னும் முடிக்கவில்லை.

ஊருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? அதற்குப் பிரெஞ்சுக்காரர் 'தெர்வார்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மண், சரிவு, வெயில், மழை, அந்த ஊர்க்காரன் கைப்பக்குவம் எல்லாம் சேர்ந்த நிலத்தின் குணம். இதுவும் ஈப்போக்காரருக்குப் புதிதல்ல. இந்த ஊர்த் தவுகே (முளைப்பயறு) கட்டையாக, மொறுமொறுவென்று இருப்பதற்குச் சுண்ணாம்புக் குன்றிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்று எந்தத் தவுகே கோழிக் கடைக்காரரும் அடித்துச் சொல்வார். அதுதான் தெர்வார். ஷாப்லி என்ற பிரெஞ்சு ஊர்க்காரரும் தம் வெள்ளை ஒயினுக்குச் சுண்ணாம்பு மண்ணையே சாட்சிக்கு அழைக்கிறார். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் மலைபோல் குவிந்து கிடக்கிறது, இல்லாதது குளிர்காலம்தான். கொடி இலை உதிர்த்து உறங்கி எழ இங்கே வழியில்லை. அதற்காகக் காய்க்கவே காய்க்காது என்றில்லை; தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை உறங்காமலே வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை காய்க்கிறது. ஆனால் அதன் புகழ், பழமாகத் தின்பதில்.

இப்போது, நீங்கள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் மட்டும் ஒரு கதை சொல்கிறேன். இதைக் கேட்ட பிறகு 'பழைய', 'புதிய' என்ற சொற்களை நீங்கள் பழையபடி பார்க்க மாட்டீர்கள்.

தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விதை போட்டு முளைத்த கன்றின் பட்டையைக் கீறி, நல்ல பால் தரும் மரத்தின் மொட்டு ஒன்றைச் செருகிக் கட்டுவார்கள். மொட்டு பிடித்ததும் கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். வேர் ஒருவனுடையது, மரம் இன்னொருவனுடையது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம் என்று தோட்டமெங்கும் நின்ற மரங்களெல்லாம் இப்படி வந்தவைதாம். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று இதே போல ஒட்டு. அதுவும் எந்த வேரின் மேல்? அமெரிக்க வேரின் மேல்.

1860களில் தென் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. தோண்டிப் பார்த்தால் வேரில் அசுவினி இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சி. பெயர் ஃபைலாக்ஸீரா, பிறந்த வீடு வட அமெரிக்கா. பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆன காலத்தில் அது வழியிலேயே செத்துப்போனது. நீராவிக் கப்பல் வந்து பயணம் சுருங்கியதும், இறக்குமதியான செடிகளோடு உயிரோடு கரை இறங்கிவிட்டது. அமெரிக்கக் காட்டுக் கொடிகள் அதனோடு காலங்காலமாய்க் குடித்தனம் நடத்தியவை. அவற்றின் வேர் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கமில்லை. சில பத்தாண்டுகளில் பிரான்சின் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. மருந்து அடித்தார்கள், நிலத்தைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். கடைசியில் நிலைத்த வைத்தியம், அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவதுதான். இது பழத்தின் ருசியை மாற்றாதா என்று அன்றைக்கே சண்டை நடந்தது. உங்களுக்கு விடை தெரியும்: வேர் எதுவானாலும் 600 மரம் 600இன் பாலைத்தான் தரும். பழத்தின் ரகம் மேலே இருக்கும் கொடியுடையது.

தென் ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி இன்றுவரை நுழையவில்லை. 1899லேயே சட்டம் போட்டுக் காவல் வைத்துவிட்டார்கள். அதனால் பரோசாவில் லாங்மீல் என்னும் தோட்டத்தில், 1843இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் சொந்த வேரில் இன்னும் காய்க்கின்றன. பிரான்சின் கொடிகளோ பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பின் ஒட்டுக் கட்டி நட்டவை. கணக்குப் போட்டால் 'புதிய உலகம்' வைத்திருப்பது பழைய கொடி. 'பழைய உலகம்' நிற்பது புதிய உலகத்து வேரில்.

நம் ரப்பரின் கதை இதற்கு நேர் எதிர். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே கன்றுகள் கோலகங்சாருக்கு வந்துவிட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்டவற்றில் ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. ஆனால் பிரேசிலில் அந்த மரத்தைப் பிடிக்கும் இலைக்கருகல் நோய் கூடவே கப்பல் ஏறவில்லை. அதனால்தான் பேராக்கில் வரிசை வரிசையாகத் தோட்டம் போட முடிந்தது. ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1928 முதல் அமேசானில் தோட்டம் போட முயன்று, அந்த நோயிடமும் தோற்று, 1945இல் கைவிட்டது. மரமும் கொடியும் ஊர் மாறலாம். கூட வரும் பூச்சியையும் நோயையும் பொறுத்துத்தான் வாழ்வும் சாவும்.

எது உசத்தி என்ற கேள்வி பாக்கி. இதை 1976 மே 24இல் பாரிஸிலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பிரெஞ்சு நடுவர்களை உட்கார வைத்து, பெயரை மறைத்து, கலிபோர்னிய ஒயினையும் உயர்ந்த பிரெஞ்சு ஒயினையும் ஊற்றிக் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியப் போத்தல்கள். ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டதாகக்கூடச் சொல்வார்கள். அந்த ஒரு நாளை வைத்துப் புதியதுதான் உசத்தி என்று கொடி பிடிப்பதும் சரியல்ல. லேபிளை மறைத்தால் நாக்கு வேறு மாதிரிப் பேசும் என்பதற்கு அது சாட்சி. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். போத்தலைச் செய்தித்தாளில் சுற்றிவிட்டு மகளை ஊற்றச் சொல்லுங்கள். லேபிளைப் போலவே விலையும் ஏமாற்றும். இங்கே ஒயின் மீதான வரியில் பெரும்பங்கு ஆல்கஹால் அளவை வைத்துப் போடுவது. மலிவான போத்தலில் சரக்கின் விலையைவிட வரி பெரிதாகத் தெரியும். ஆகவே விலையை மட்டும் பார்த்துத் தரம் பேச வேண்டாம்.

என்னைக் கேட்டால், குடிக்கும் இடம், தட்டில் உள்ள உணவு, இரண்டையும் பார்த்தே தேர்ந்தெடுப்பேன். ஆட்டிறைச்சி வறுவலோடு உங்கள் பரோசாவை வைத்தால் வாய் பற்றி எரியும். மிளகாயின் எரிவை உணரும் நரம்பு முனையை ஆல்கஹாலும் சீண்டிவிடும். 15 விழுக்காடு என்றால் இரண்டு மிளகாய் கூடப் போட்டது போல. டானின் என்னும் துவர்ப்பு (தேயிலை அதிகம் கொதித்தால் நாக்கைப் பிடிக்குமே, அது) காரத்தை இன்னும் முரடாக்கும். காரக் கறிக்கு, ஆல்கஹால் குறைந்து இலேசாக இனிக்கும் ஜெர்மன் ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயின் பொருந்தும். குரோஸ் எர்மிட்டாஜ், மிளகு போட்டுப் பிரட்டிய கோழிக்கு நன்றாகப் போகும். அதிலேயே மிளகு வாசம் இருக்கிறதல்லவா? பரோசாவைச் சுட்ட இறைச்சிக்கு, காரம் குறைத்து, வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நமக்கு நேற்று வந்த நாகரிகம் என்றும் நினைத்துவிடாதீர்கள். யவனர் கப்பலில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டிய மன்னன் பருகி வாழ வேண்டும் என்று புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்து ஒயின் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பழைய உலகத்து ஒயினை இறக்குமதி செய்வதில் நாம் ஆஸ்திரேலியாவுக்கு ரொம்ப மூத்தவர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பரோசா உங்களுக்குச் 'சூடாக'ப் பட்டிருந்தால், அதற்கு ஒரு காரணம் ஈப்போவாக இருக்கலாம். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாறு என்று புத்தகங்கள் சொல்வது, கல்வீட்டில் 16, 17 டிகிரியில் நடுங்கிக்கொண்டிருந்த பழைய ஐரோப்பிய அறையை நினைத்து. புந்தோங்கில் மத்தியானம் அறை வெப்பம் 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பத்து காஜா பக்கம் கெல்லிஸ் காசலுக்குப் போயிருக்கிறீர்களா? ரப்பர் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ்த் தொழிலாளர்களை வைத்துக் கட்டத் தொடங்கி, முடிவதற்குள் 1926இல் லிஸ்பனில் இறந்துபோன மாளிகை. அங்கே ஒயினுக்கென்று ஒரு நிலவறையைக் காட்டுவார்கள். நிலத்தடியின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். பிரான்சில் அது 12 டிகிரி பக்கம், இங்கே 27. அந்த அறையில் வைத்திருந்தால் அவருடைய ஒயின் நன்றாக வெந்திருக்கும்.

நீங்கள் நிலவறை தோண்ட வேண்டாம். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு சிவப்புப் போத்தலை ஐஸ் பெட்டியில் வையுங்கள். மீதியிருந்தால் மூடியை இறுக்கி மறுபடி உள்ளே வைத்துவிட்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். கள்ளு மாதிரி மறுநாளே காடியாகாது, நான்காம் நாள் உத்தரவாதமில்லை.